மைமூனா குடிக்காத தண்ணீர்

மைமூனாவுக்கு நடக்க வரும், எழும்பத்தான் வராது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்து மூன்று மாதம். யாராவது தூக்கி நிறுத்திவிட்டால் வோக்கரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை போய் வருவாள். உட்கார்ந்தாளோ, போச்சு, கதிரை விடாது.

மகள் அப்னா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை வீட்டில் மருமகன் இஹ்ஸான் மட்டும், வாசல் அறையில் போன் திருத்திக்கொண்டு. தங்கமான பிள்ளை. ஆனால் மருமகன் உள்ளே வந்தாலே முக்காட்டை இழுத்துவிடுகிற மாமி, கக்கூசுக்குத் தூக்கிவிடுங்கள் என்று அவரிடம் எந்த வாயால் கேட்பாள்? காலைத் தேநீரோடு தண்ணீரை நிறுத்திவிட்டாள். பதினொரு மணிக்கு இஹ்ஸான் கொண்டுவந்து வைக்கும் தண்ணீர் தினமும் அப்படியே இருக்கும். தன் கையால் கொடுப்பதைக் குடிக்க மாமிக்கு விருப்பமில்லை என்று அந்த மனுசன் உள்ளுக்குள் வாடிப்போனார்.

செவ்வாய்க்கிழமைகளில் பின்னேரம், பயிற்சி கொடுக்கக் காரைதீவிலிருந்து பிசியோ மிஸ் யதுசா வருவார். ஒரு நாள் அப்னா தேநீர் ஊற்றக் குசினிக்குப் போன நேரம், மைமூனாவின் வெடித்த உதட்டைக் காட்டிக் கேட்டு உண்மையை வாங்கிவிட்டார்.

"தண்ணி குடிக்காம இரிக்கப்படா உம்மா."

"எழும்பப் பழகினாப் பிறகு குடிக்கன் மிஸ்."

அப்னா திரும்பி வந்ததும் அவளுக்குத்தான் முதல் ஏச்சு. "நீங்க கக்கத்தில பிடிச்சுத் தூக்கினா அவங்கட கால் எப்ப பழகிற? கைய எடுங்க. உம்மா, கதிரைர முன்னுக்கு வாங்க. பாதத்தப் பின்னுக்கு எடுங்க. இப்ப குனிங்க, மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும்."

"குப்புற விழுந்திருவன் புள்ள!"

"பின்னுக்குச் சாயிறதாலதான் எழும்ப ஏலாம இரிக்கி."

இரண்டு தலையணை போட்டு உயர்த்திய கதிரையில் தினமும் பத்துத் தடவை. அடுத்த கிழமை ஒரு தலையணை. அதுவரை சரி. வெறும் கதிரைக்கு வந்ததும் பாதிக் குனிவில் பயம் பிடித்துவிடும். பின்னால் சாய்ந்து தொப்பென்று விழுவாள்.

ஒரு வியாழன், பன்னிரண்டரை மணி. தண்ணீர் குடிக்காமலே அடிவயிறு முட்டியது. வாசல் அறையில் இஹ்ஸான் யாரோடோ கதைப்பது கேட்டது. கூப்பிட வாய் வரவில்லை. பாதத்தைப் பின்னே இழுத்தாள்.

"பிஸ்மில்லாஹ்."

குனிந்தாள். பயம் வந்தது. வந்தால் வரட்டும் என்று இன்னும் குனிந்தாள். கதிரை அவளை விட்டது. கால் வெடவெடத்தது, ஆனால் நின்றது.

வோக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனாள், வந்தாள். அல்ஹம்துலில்லாஹ், பெருநாள் பிறை கண்ட சந்தோசம். உட்கார்ந்தவள், பொய்யில்லையே என்று இன்னொரு தரம் எழும்பிப் பார்த்தாள்.

பிறகு பதினொரு மணித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசல் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மகன், இன்னொரு கோப்பை தண்ணி கொண்டாங்க!"