இரண்டாவது ரீமர் வில்லை

என் புருஷன் ஓர்வில் வாயைத் திறந்தால் ரீமர்தான். நூறு வருஷத்துக்கு முந்தி நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் சமயத்தில் சனங்கள் சில்லறையைப் பதுக்கிவிட, எங்கள் ஓஹையோ கடைக்காரர்கள் தாங்களே செம்பு வில்லை அடித்துச் சில்லறையாகக் கொடுத்தார்கள். ரீமர் என்ற செருப்புக்கடைக்காரனும் அடித்தான். உலகத்தில் அதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அது ஓர்வில்லிடம் இருக்கிறது. சேகரிப்போர் சங்கத்தில் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது அதனால்தான்.

எங்கள் மகன் டேல் வியட்நாம் சண்டையிலிருந்து சவப்பெட்டியில் வந்த பிறகு ஓர்வில் வில்லைகளோடு மட்டும்தான் பேசினான். என்னைப் பார்த்து ஒருதரம் சிரித்தால் போதும் என்றிருந்தேன். சர்ச்சில் பழைய சாமான் விற்றபோது, பொத்தான் டப்பாவுக்குள் இன்னொரு ரீமர் வில்லை கிடைத்தது. வீட்டுக்கு ஓடிவந்தேன்.

“கண்ண மூடு ஓர்வில். கைய நீட்டு.”

பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

“எங்க புடிச்ச இத?”

“சர்ச்சுல. உன்னோடதுக்கு ஜோடி சேந்துடுச்சு பாரு!”

“ஜோடியா? மூளை இருக்கா உனக்கு? ரெண்டு இருந்தா என்னுது எப்படி ஒண்ணே ஒண்ணு?”

“வெளிய சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?”

“உன் வாய் சும்மா கெடக்குமா?”

கார்க் கொட்டகையில் சுத்தியல் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நசுங்கிய செம்பைக் குப்பைத் தொட்டியில் எறிந்தான். சீட்டியடித்துக்கொண்டே தன் வில்லையை எடுத்துக் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க உட்கார்ந்தான். அதன் பின்பக்கம் என் கண்ணில் பட்டது.

“ஏன் ஓர்வில், உன்னோடதுல பின்னால கொடி இருக்கு. நான் கொண்டாந்ததுல கழுகுல்ல இருந்துச்சு?”

சீட்டி நின்றது.

பின்பக்கம் மாறினால் அது தனி ரகம், பட்டியலில் தனி எண். இதைச் சாப்பாட்டு மேசையில் எனக்கு ஓதி ஓதிக் காதைப் புண்ணாக்கியவனே அவன்தான். ரீமர் என்ற பெயரைக் கண்டதும் திருப்பிக்கூடப் பார்க்காமல் அடித்துவிட்டான்.

தொட்டியைத் தரையில் கவிழ்த்தான். முட்டை ஓட்டுக்கும் உருளைக்கிழங்குத் தோலுக்கும் நடுவே மண்டியிட்டுத் துழாவினான். கிடைத்த செம்பில் கழுகின் ஓர் இறகுகூட இல்லை.

“ரெண்டுமே ஒண்ணே ஒண்ணா இருந்திருக்கும், வெர்னா…” என்று விக்கி விக்கி அழுதான்.

டேலின் பெட்டி பக்கத்தில் கல்லாக நின்ற மனுஷன் இவன். பாவம், அழத் தெரியாத பிறவி என்று இத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே அழத் தெரிகிறது.