தம்பியின் குரலை எடு

"அவன் குரல் போகணும். என் உறுமி இருக்கணும். முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லு," என்றார் சின்னையா.

முடியும் என்றாள் தனுஜா. வார நாட்களில் அவளுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை. சனி, ஞாயிறில் கல்யாண மண்டபங்களில் டிஜே. ஒரு பாட்டைக் கொடுத்தால் கணினி அதைக் குரல், மேளம், பேஸ் கிட்டார், மற்றவை என்று பிரித்துத் தரும். குரலை ஒதுக்கிவிட்டு மேளத்தை இன்னொரு பாட்டின்மேல் ஓட்டுவது அவளுக்குக் கைப்பழக்கம்.

பாட்டு பழையது. சபாக் பக்கத்துத் தோட்டத்தில் சின்னையாவும் அவர் தம்பி புவனேசனும் உறுமி மேளக் குழு வைத்திருந்தபோது கிள்ளானில் பதிவு செய்தது. உறுமி சின்னையா. பாட்டு புவனேசன். ராசா என்ற ஊரில் கோயில் திருவிழாவில் வாசித்துவிட்டுத் திரும்பிய இரவு வேன் கவிழ்ந்தது. ஓட்டியது புவனேசன். சின்னையாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அடுத்த வாரத் திருவிழாவில் புவனேசன் வேறு ஆளை உறுமி வாசிக்க வைத்தான். அன்றிலிருந்து பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னையாவின் மகள் தனேஸ்வரிக்குக் கல்யாண விருந்து. அப்பாவின் உறுமிக்குத்தான் மண்டபத்துக்குள் நடந்து வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வேறெதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், சுங்கை பெசார் மண்டபத்தில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தனுஜா ஒலிபெருக்கிப் பெட்டிகளை இணைத்துப் பாட்டை ஓடவிட்டாள். தவில் சுத்தமாக வந்தது. தாளம் வந்தது. பாடுகிறவன் இல்லை.

சின்னையா கடைசிவரை நின்று கேட்டார்.

"நான் எங்க?"

"அதான் அங்கிள், ஒரு பிரச்சன."

அவள் குரல் பாகத்தைத் திறந்தாள். புவனேசன் பாடினான். அவனுக்குக் கீழே உறுமி முனகியது.

"குச்சியால தேய்க்கிற சத்தத்த இந்த மிஷின் மனுஷக் குரல்னு எடுத்துக்குது. இழுத்து இழுத்து வருதுல்ல. அடிக்கிறது மட்டும் மேளத்தோட நிக்குது. அதுவும் தவிலுக்குள்ள தெரியல."

"அடி யாரு வேணும்னாலும் அடிப்பான். தேய்ப்புதான் உறுமி."

"தெரியும் அங்கிள்."

"அவன் உன்னப் பார்த்தானா?"

"யாரு?"

"புவனேசன். வந்து பேசினானா உன்கிட்ட?"

"அவர எனக்கு யாருன்னே தெரியாது."

"அப்ப மிஷினுக்குத் தெரியும் போல. அவன் பக்கம் போயி ஒட்டிக்குது."

நாற்காலிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த ஒருவன் சிரித்தான். சின்னையா அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

வேறு இரண்டு வழிகளில் செய்து பார்த்ததையும் தனுஜா போட்டுக் காட்டினாள். இப்போது உறுமி கொஞ்சம் வந்தது, ஆனால் தொண்டை கட்டிய மாதிரி. பின்னால், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் புவனேசன்.

"அந்தா நிக்கிறான்," என்றார் சின்னையா.

"லேசாத்தான். நாளைக்கு இந்தக் கூட்டத்துல யாருக்கும் கேட்காதுலா."

"எனக்குக் கேட்குது."

"பதிவு பண்ணப்ப ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியா எடுத்திருப்பாங்க. அது கெடச்சா ஒரு வேலையும் இல்ல. யாருகிட்ட இருக்கு?"

சின்னையா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி நாகமணி சொன்னாள்: "கொழுந்தன்கிட்ட."

"நீ வாய மூடு."

நாகமணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"சொல்லுங்க அண்ணி," என்றது குரல். பாட்டில் இருந்த அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

நாகமணி விஷயத்தைச் சொன்னாள்.

"இருக்கு. உறுமி தனியா இருக்கு. இப்பவே அனுப்புறேன். அண்ணன் வந்து கல்யாணக் கார்டு வெச்சிட்டுப் போகட்டும்."

"கல்யாணம் நாளைக்கு, தம்பி."

"தெரியும் அண்ணி. பேஸ்புக்குல பார்த்தேன். சித்தப்பன் வேற எங்க போயி பார்ப்பான்? நான் சபாக்லதான் இருக்கேன், கப்பல்ல போகல. வாசல்ல நின்னு குடுத்தாக்கூடப் போதும்."

சின்னையா போன் பக்கம் குனிந்தார்.

"விரல எடுத்தவன் உறுமியையும் வெச்சிருக்கான். அவனே வெச்சுக்கட்டும்."

அந்தப் பக்கம் ஏதோ லோரி கடந்துபோனது.

"விரலு ரோட்டுல போச்சு. மாடு குறுக்க வந்துச்சு, உனக்கும் தெரியும். உறுமிய நீதாண்ணே கைக்கட்டோட கொண்டாந்து என் வாசல்ல எறிஞ்ச."

"எறிஞ்சத எடுத்து அடுத்த வாரமே எவன் கழுத்துலயோ மாட்டுன."

"சாமிக்கு ஒத்துக்கிட்டது. நீ படுத்திருக்கன்னு சாமி படுக்குமா?"

சின்னையா போனை அணைத்தார். மூன்று விரல்களால் அதை மேசையில் தள்ளிவிட்டார். அது நாகமணியின் தட்டுகளில் போய் முட்டியது.

"ஒரு கார்டுதானே," என்றாள் நாகமணி. "பையில பத்து மிச்சம் கெடக்கு."

"அவன் வந்தா நான் வர மாட்டேன்."

நாகமணி மறுபடி தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சின்னையா தனுஜாவிடம் திரும்பினார். "மொதல்ல போட்டியே. அதையே போடு."

"அதுல நீங்களும் இல்ல அங்கிள்."

"ரெண்டு பேரும் வேணாம்."

"தனேஸ்வரி உங்க உறுமிக்குத்தான் நடப்பேன்னு—"

"என் மகளப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. போடுன்னா போடு. இல்ல, சாமானக் கட்டிக்கிட்டுக் கெளம்பு."

தனுஜா அதையே சேமித்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்திருந்தது. தனேஸ்வரி மாப்பிள்ளையோடு வாசலில் நின்றாள். சின்னையா டிஜே மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யாரும் எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதுபோல் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பாட்டு உறுமியில் தொடங்கும். ஒரே ஒரு நீண்ட தேய்ப்பு, பிறகுதான் தவில். தேய்ப்பு முடிகிற இடத்தில் கால் எடுத்து வைப்பதாக தனேஸ்வரி வீட்டில் நடந்து பார்த்திருந்தாள்.

தனுஜா பாட்டைப் போட்டாள். நேராகத் தவில் அடித்தது.

தனேஸ்வரி நடக்கவில்லை. விளக்குகள் அவள்மேல் இருந்தன. பின்பக்கமாக நடந்துகொண்டே படம் பிடித்தவன் நின்றான். மாப்பிள்ளை அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தவில் ஒரு சுற்று முடித்து மறு சுற்றுக்குப் போனது. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். "உறுமி வைக்கலயா?"

சின்னையா இடது கையை உயர்த்தினார். வா என்று ஆட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நடந்தாள், அடிக்குச் சேராமல், சாமான் வாங்கக் கடைக்குப் போகிறவள்போல். மேசையைத் தாண்டும்போது நின்றாள்.

"உறுமி எங்கப்பா?"

"புடவை தடுக்கப்போகுது. பார்த்து நட."

"சித்தப்பாகிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க."

சின்னையா அவளைப் பார்க்காமல் தனுஜாவிடம் சொன்னார்:

"சத்தத்தக் கூட்டு."