சுவருக்கு அந்தப் பக்கம்

இறந்தவனின் முஷ்டியை விரிக்க ஆண்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

"விடுங்கப்பா, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் தாய். அந்த முஷ்டி அவளுக்குப் பழக்கம். மருமகளுக்கு அதைவிடப் பழக்கம்.

இறைச்சிக்கடையில் வாய்த்தகராறு. மகன்தான் முதலில் குத்தினான். மூக்குடைந்த கடைக் கூட்டாளி கையிலிருந்த வெட்டுக்கத்தியை அவன் அடிவயிற்றில் இறக்கிவிட்டான். பெற்ற வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு நடுவே கொஞ்சம் நிம்மதியும் இருந்ததுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மருமகள் நர்ஸ். செக் நாட்டில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் புறப்பட வேண்டியவள். அடுப்படியில் நின்று அந்த மொழியில் வாக்கியம் அமைத்துப் பழகுவாள். சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுச் சொல்லிப் பார்ப்பாள்.

"யாரைடி திட்டுற?" என்று ஒருநாள் மகன் பெல்ட்டைக் கழற்றினான். அன்றிலிருந்து அடி விழும்போதெல்லாம் அவள் அலறுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தையே சொல்வாள்: "ஸீத்ரா யிது தோ ப்ராட்ஸே." சுவருக்கு இந்தப் பக்கம் தாய் காதைப் பொத்திக்கொள்வாள். உங்கள் மருமகள் விழுந்து விழுந்து படிக்கிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சியபோது, ஆமாம் என்று சிரித்தும் வைத்தாள். மகன் சொன்னான் என்று மருமகளின் பாஸ்போர்ட்டை மாவு டின்னுக்குள் புதைத்தவளும் அவள்தான்.

"இனிமே அவ எங்கயும் போக வேணாம். மாமியாருக்குத் துணையா இங்கயே கெடக்கட்டும்" என்று மகனின் பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மருமகள் அழவில்லை. அழுதே ஆக வேண்டும் என்று பெண்கள் அவள் பிடரியைப் பிடித்துப் பிணத்தின்மேல் அழுத்தினார்கள். முஷ்டி கன்னத்தில் இடித்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஸீத்ரா யிது தோ ப்ராட்ஸே."

ஒப்பாரி என்று நினைத்துப் பெண்கள் ஓவென்று அழுதார்கள். தாயின் கைகள் தாமாகவே காதுக்குப் போயின. கைகளை இறக்கிவிட்டு விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். மாவு டின்னுக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினாள்.

திரும்பி வந்து, எல்லோரும் பார்க்க, பாஸ்போர்ட்டை மருமகளின் மடியில் வைத்தாள்.

"நீ சொல்லிட்டே இருப்பியே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"நாளைக்கு வேலைக்குப் போறேன், அத்தை."

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாய் அவர் பக்கம் திரும்பவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவை மகன்மேல் போர்த்தியிருந்த துணியில் துடைத்தாள்.