எர்ணாவூர் வளைவில் பள்ளம் இல்லை

எர்ணாவூர் வளைவில் எனக்குப் பஞ்சர் கடை. பள்ளம் இருந்தால்தான் பக்தவச்சலம் வீட்டில் அடுப்பு எரியும் என்று தோஸ்துகள் கிண்டல் செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். இரண்டாயிரத்து மூன்று மழையில் என் கடைக்கு எதிரே இருந்த பள்ளத்தில் எங்கள் தெருப் பையன் தீனாவின் பைக் இறங்கிச் சாய்ந்தது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி அவன் மேல் ஏறிவிட்டது. பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை யாரும் எடுப்பதில்லை.

தீனாவின் அம்மா செங்கொடி, கட்டட வேலைக்குப் போகிற சித்தாள். பையன் வேகமாக, கவனமில்லாமல் ஓட்டியதால் செத்தான் என்று போலீஸ் எழுதி முடித்துவிட்டது. பிள்ளை போனதோடு பழியும் அவன் மேலேயே விழுந்ததை அவளால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து வரும்போதெல்லாம் ஒரு சட்டி ரப்பீஸைத் தலையில் சுமந்து வருவாள். உடைந்த செங்கலும் காரையும்தான். அந்தப் பள்ளத்தில் கொட்டி மிதிப்பாள். லாரிகள் நாலு நாளில் வாரிக்கொண்டு போகும். திரும்பக் கொட்டுவாள்.

மறுவருஷம் ஒரு சட்டப் பேச்சு கிளம்பியது. சாலைத் துறை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வருஷாவருஷம் அளந்து பார்க்க மசோதா வரப்போகிறதாம். எதை எதை வைத்து அளப்பது என்று ஜனங்களிடம் கேட்க எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்தது. நான் ஒட்டினது நிற்கவில்லை என்றால் வண்டிக்காரன் வந்து சட்டையைப் பிடிப்பான். துறைக்குத்தான் அதற்கும் சட்டம் வேண்டியிருக்கிறது.

குழுத் தலைவர் ஜெயவேல் வாசித்தார். கிலோமீட்டருக்கு எத்தனை பள்ளம், எத்தனை புகார், லாரி துறைமுகம் போய்ச் சேர எவ்வளவு நேரம். செங்கொடி எழுந்து நின்றாள்.

"செத்தவங்கள எதுல சார் அளப்பீங்க?"

"விபத்தெல்லாம் போலீஸ் பாக்குறதும்மா. இதுல வராது."

"போலீசு எம்புள்ள மேல தப்புன்னு எய்திகீறாங்க. அந்தப் பள்ளந்தான் சார் அவன கொன்னுச்சி. அத உங்க சட்டத்துல எய்துங்க."

பக்கத்திலிருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வளைவில் பள்ளமே கிடையாது என்றார். எப்படி இருக்கும்? துறைக்காரர்கள் கணக்கெடுக்க வந்தபோது இவள் அல்லவா மூடி வைத்திருந்தாள்.

ஜெயவேல் மோசமான ஆள் இல்லை. "வியாழக்கிழமை காலையில நானே வர்றேன். பள்ளத்தைக் கண்ணால பாத்துட்டா, ரோட்டுக் கோளாறால போன உயிரையும் அளக்கணும்னு மசோதாவுல சேர்க்கச் சொல்றேன். உங்க பையன் கேஸ்தான் அதுக்கு ஆதாரம். அதுவரைக்கும் மூடாதீங்கம்மா" என்றார்.

வெளியே வந்ததும் செங்கொடி அழுதாள். தீனாவை எடுத்துப் போனபோதுகூட அப்படி அழவில்லை. "எம்புள்ள தப்பு பண்ணலன்னு சட்டத்துலயே வரப்போவுதுண்ணா" என்றாள்.

வியாழக்கிழமை மழை. பள்ளம் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தண்ணீர் மூடியிருந்தது. அவள் வேலைக்குப் போகாமல், வேப்பங்கிளையில் சிவப்புத் துணி கட்டி அங்கே நட்டுவிட்டு, நனைந்தபடி வண்டிகளைக் கை காட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் வரவேண்டியவர்கள் மத்தியானமாகியும் வரவில்லை. ஒரு லாரி கிளையை இழுத்துக்கொண்டு போனது. அதை எடுக்க அவள் ஓடிய நேரத்தில் பக்கத்துத் தெரு தாஹிராவின் மொபெட் பள்ளத்தில் இறங்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த மகள் ஹஃப்சா ரோட்டில் போய் விழுந்தாள். வந்த லாரி எப்படியோ பிரேக் பிடித்து நின்றது. சக்கரத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

ஹஃப்சாவுக்கு முட்டியில் சிராய்ப்புதான். தாஹிரா மொபெட்டைத் தூக்கி நிறுத்தினாள். செங்கொடி குழந்தையைத் தூக்கி வந்து என் கடை பெஞ்சில் உட்கார வைத்தாள். பிறகு, கடை ஓரம் சேர்த்து வைத்திருந்த ரப்பீஸை அள்ளச் சட்டியை எடுத்தாள்.

"இன்னா பண்ற நீ? அவுங்க இப்ப வந்துருவாங்க. நானும் கூட வந்து நிக்கிறேன், கொஞ்சம் பொறு" என்றேன்.

"நின்னுகினுதானண்ணா இருந்தேன்" என்றாள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். கொட்டி, மிதித்து, தரையோடு தரையாக்கினோம்.

நாலு மணிக்கு வந்தார்கள். கார் அந்த இடத்தின் மேலேயே, கொஞ்சமும் குலுங்காமல், வந்து நின்றது. நடந்ததைச் சொன்னோம். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"புரியுதும்மா. ஆனா பாக்காததை நான் எழுத முடியாது. எழுதினா மொத்தத்தையும் தள்ளிடுவாங்க."

"தோண்டிக் காட்டறேன் சார்" என்று மண்வெட்டியைத் தூக்கினேன்.

"தோண்டினா அது நீ பண்ண பள்ளம்" என்றார் கூட வந்த அதிகாரி. குனிந்து எழுதியபடியே வாய்விட்டுச் சொன்னார்: "எர்ணாவூர் வளைவு, பள்ளம் இல்லை."

கார் போய்விட்டது. செங்கொடி அந்த ரப்பீஸின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ எம்புள்ள இன்னாத்துலண்ணா வுழுந்தான்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடியும் தூறல் போட்டது. ஓரத்தில் கொஞ்சம் இறங்கியிருந்த இடத்தைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, அவள் இன்னொரு சட்டி ரப்பீஸ் அள்ளப் போனாள்.