ரஷீத் அஹமதுவின் தரச்சீட்டுகள்

வாருங்கள், தமிழ் படித்த பெருமக்களே, வேலூரில் ஒரு கல்லூரி நூலகம் ஒரு கவிஞனைப் பாதுகாத்திருக்கும் இலட்சணத்தைச் சாட்சியாக நின்று பாருங்கள்... என்று யாரை அழைப்பது, இந்த அறையில் ஓய்வுபெற்ற உருது ஆசிரியை நசீமுன்னிசாவையும் நூலக ஊழியர் எலியாஸையும் தவிர ஒருவரும் இல்லை. கணினித் திரையில் ஓடுபவை ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் தரச்சீட்டுகள், ஆட்டுத்தோல், முதல் தரம், கழுத்தில் கீறல், இரண்டாம் தரம்... அவள் தந்தை ரஷீத் அஹமது முப்பது ஆண்டுகள் நிரப்பிய சீட்டுகள்தாம், ஆனால் கவிதை எழுதியதும் தமிழ்ப் பாடல்களை உருதுவில் பெயர்த்ததும் அவற்றின் பின்பக்கத்தில் அல்லவா, புதிய வெள்ளைத்தாள் பயமுறுத்துகிறது என்பாரே, அந்தப் பக்கம் எங்கே? “அச்சடிச்ச பக்கம்தானே டீச்சர் முன்பக்கம், அதை மட்டும் ஸ்கேன் பண்ணிட்டோம். பின்னாடி ஒரே கிறுக்கல், உருது இங்க யாருக்குத் தெரியும்?” சரி, அசல் கட்டுகள்? “கரையான் ஜாஸ்தி ஆய்ட்டுது. போன மாசம் மொத்தமா கொளுத்திட்டோம்.” அப்புறம் ஆறுதலாக, “உங்கப்பா கையெழுத்து ஷோக்கா இருக்குது டீச்சர், ஆட்டுத்தோலுக்கே இவ்ளோ அழகா எழுதியிருக்காரு” என்கிறார்.

இது கொலை அல்லவா, ஒரு மனிதனின் மூளையை எரித்துவிட்டு அவன் சட்டையைக் கண்ணாடிப் பேழையில் வைப்பது கொலை அல்லவா, இவர்களைச் சந்தியில் நிறுத்திக் கேட்க வேண்டும், கேட்கத்தான் வாய் திறக்கிறாள்... எலியாஸ் நன்கொடைப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைக்கிறார். பொருள்: தொழிற்சாலைத் தாள்கள், பதினான்கு கட்டு. அது அவள் கையெழுத்து. அப்பா போனபின் கட்டுகளை இங்கே கொண்டுவந்து கொடுத்த அன்று, இன்னா எழுதறது டீச்சர் என்று இவர் கேட்டபோது அவள்தான் அப்படி எழுதினாள், வீட்டில் எல்லோரும் வழங்கிய பெயர் அதுதானே, ஃபேக்டரி பேப்பர், தொடாதே. உருது படிக்கத் தெரிந்த ஒரே மகள், ஒரு சீட்டையாவது திருப்பினாளா? இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படித்துக் காட்டுவார், இவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல், நல்லா இருக்குதுப்பா... எது நல்லா இருந்தது? ஒரு வரி, ஒரே ஒரு வரி, தேடுகிறாள், இல்லை, தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் தொடங்குவது கேட்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை, அப்படியானால் அவரைக் கொளுத்தத் தொடங்கியது போன மாதம்தானா? படித்தவர்களே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார், அவர் தாள்களை மூட்டை கட்டி நூலகத்துக்குக் கொடுக்கும் நாள்வரை காத்திராதீர்கள், இன்றிரவே அவர் எதிரில் உட்காருங்கள், கையிலிருப்பதைக் கீழே வையுங்கள், கேளுங்கள்.