மணல் அடைத்த ஜீன்ஸ் கால்

என் வீட்டுக்காரரைக் கூட்டாளிகள் ‘கிரேன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு மாற்றுகிறவர்களின் பீரோவோ ஃப்ரிட்ஜோ, எதுவானாலும் தனியாளாக முதுகில் சுமந்து மாடியேறிவிடுவார். அந்தக் கிரேன் ஒருநாள் ஈரப்படியில் வழுக்கி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடந்தது. நானோ தையல் கடையில் உட்கார்ந்த இடத்தில் பேன்ட் நீளம் குறைத்துப் பிழைப்பவள். காற்றடித்தால் பறந்துவிடுவேன் என்று அவரே கேலி செய்வார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“இவரைக் கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைக்க வீட்ல ஆள் வேணும்மா. உங்களால முடியலைன்னா பராமரிப்பு இல்லத்துக்குத்தான் அனுப்பணும். மூணு மாசம் கழிச்சு வந்து பார்க்கறேன்.”

அந்த இல்லம் ஊருக்கு வெளியே இருந்தது. பார்க்கப் போவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் புருஷனைப் பார்க்க எவனிடம் அனுமதி கேட்பது? ஒரு கை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஜிம்முக்குக் கொட்டிக் கொடுக்கக் கையில் ஏது? முதலில் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கினேன். சுவரில் கையூன்றித் தள்ளினேன். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். பிறகு கடையில் வெட்டிப்போட்ட ஜீன்ஸ் கால்களைக் கொண்டுவந்து, இரட்டைத் தையல் போட்டு, பக்கத்துக் கட்டட வேலையில் கேட்டு வாங்கிய மணலை அடைத்தேன். வாரம் ஒரு கால் கூடியது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தரையிலிருந்து தூக்குவேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த அவர் எடைக்கு மூட்டை வந்துவிட்டால் அவரையே தூக்கிவிடலாம் என்பது என் கணக்கு. கட்டிலில் இருந்தபடியே அவர் அதட்டுவார்.

“குனியாதடி, முட்டியை மடக்கு. நெஞ்சோட அணைச்சுக்கோ.”

“யாரை? உங்களையா, மூட்டையையா?”

“இப்போதைக்கு மூட்டையை.”

சிரிப்போம். ஆனால் படுக்கப் போகும்போது வலிக்கு நான் என் இடுப்பில் தைலம் தேய்த்தால் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். “இன்னும் எவ்வளவு பாக்கி?” என்று கேட்பார். “நீங்கதான் மலை மாதிரி இருக்கீங்களே” என்பேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

உடம்பு துடைத்துவிடும்போது அவர் இளைத்திருப்பது தெரியாமல் இல்லை. படுத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நர்ஸ் வந்த அன்றைக்கு மூட்டை சீட்டில் இருந்த எடையை இன்னும் தொடவில்லை. நாள்தோறும் மதியம் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நின்றார். கட்டில் ஓரத்தில் முட்டியை மடக்கி, அவர் கைகளை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துத் தூக்கினேன். விசுக்கென்று வந்துவிட்டார். தூக்கிய வேகத்தில் நான் பின்னால் விழப் போனேன்.

நாற்காலியில் உட்கார வைத்ததும் அக்கா கைதட்டினார். எனக்கும் ஒரு நொடி தலைகால் புரியவில்லை. அடுத்த நொடி உறைத்தது. என் மணல் மூட்டை இவரைவிடக் கனம்.

நர்ஸ் அவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். எலும்பு துருத்திய இடத்தில் முதுகு புண்ணாக ஆரம்பித்திருந்தது.

“ஒழுங்கா சாப்பிடறாரா?”

“மதியத்துக்கு டப்பா நிறைய வெச்சுட்டுத்தான் வேலைக்குப் போறேன். திரும்பி வந்தா காலியாத்தான் இருக்கு.”

அக்காவின் முகம் வெளிறியது. “ஐயோ, அது நீ எனக்குன்னு வெச்சதுன்னுல்ல இவர் சொன்னார்!”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“நீ மூட்டையில ஏத்திக்கிட்டே போன. நான் என் பக்கம் கொஞ்சம் எறக்கினேன். சீக்கிரம் சரியாயிடும்னு நெனச்சேன்.”

“மூளையையும் சேர்த்து எறக்கிட்டீங்களா?” என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. இப்படிக் கூறுகெட்டு ஒருத்தி மேல் பாசம் வைப்பார்களா?

“இந்த நிலைமையில வீட்ல வைக்க முடியாதும்மா” என்றார் நர்ஸ். “ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அப்புறம் எங்கேங்கறதை அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.”

ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே வந்தார்கள். அவரைத் தொடப் போனவர்களை விலகச் சொன்னேன். நானே தூக்கினேன்.

கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகில் கேட்டார்.

“கனமா இருக்கேனா?”

“ஆமாங்க, ரொம்பக் கனம்” என்று பொய் சொன்னேன்.