உச்சி வெயில் அருவி

என் அண்ணனுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அதனால்தான் அவனுக்கு 'ஃபிளாஷ்' என்று பெயர். அன்று அவன் மின்னியது ஒரு வக்கீலின் கோட்டால்.

எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு கேமராக்கள். பழையதை நான் மெக்கானிக்கிடம் கொடுத்து, அகச்சிவப்பு வெளிச்சத்தை மட்டும் பிடிக்கும்படி மாற்றி வாங்கியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்தில் பச்சை இலை வெள்ளையாகிவிடும், நீல வானம் கறுத்துவிடும். அதில் அருவிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது என் பைத்தியம். அண்ணன் அவசரத்தில் அதைத் தூக்கி வக்கீலை எடுத்துத் தொலைத்தான். கறுப்புக் கோட்டு வெளுத்து, முகம் மெழுகாகி, உயிரோடிருந்த மனுஷன் ஆவியாக வந்து நின்றார்.

"ஏண்டி, நல்லா இருந்த கேமராவைக் கெடுத்து வெச்சிருக்கியே! திங்கட்கிழமை பழையபடி மாத்தக் குடுத்துடறேன்."

"ஸ்க்ரீனைக்கூடப் பாக்காம எடுத்தது நீ. திட்டு எனக்கா?"

வருகிறவர்களின் பருக்களைக் கம்ப்யூட்டரில் அழித்துக்கொண்டிருந்த அண்ணி நடுவில் புகுந்தாள். "இவ எடுத்த அருவியைச் சுவத்துல மாட்டுவோம். ஞாயித்துக்கிழமை கடை மூடறதுக்குள்ள, நாம கேக்காமலே யாராவது ஒருத்தர் அருவின்னு சொல்லிட்டா, கேமரா இவளுக்கு. இல்லேன்னா உங்களுக்கு."

மாட்டினோம். "பனிமலையா?" என்றார் ஒருவர். "காலிஃபிளவர் தோட்டமா?" என்றாள் ஒரு அம்மா. இன்னொருவர், "யாரோட எக்ஸ்ரே?" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவர்கள் மேல் தப்பில்லை. வெள்ளை மரங்களுக்கு நடுவே வெள்ளைத் தண்ணீர், எது எதுவென்று யாருக்குத் தெரியும்? கம்ப்யூட்டரில் மரங்களை இருட்டாக்கினால் சாம்பல் கொட்டியதுபோல் ஆனது. தண்ணீரை வெளுக்கவைத்தால் வெறும் காகிதம். அண்ணி மௌஸை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? போய் வேற எடுத்துட்டு வா."

மறுநாள் அருவிக்குப் போனேன். வெயில் ஏற ஏற மற்ற போட்டோக்காரர்கள் ஸ்டாண்டை மடக்கிக் கிளம்பினார்கள். "உச்சி வெயில்ல யாரும்மா படம் எடுப்பா?" என்றார் ஒருவர். "நான் எடுப்பேன்," என்றேன். என் கேமராவுக்கு அதுதான் நல்ல நேரம்.

முன்பு அருவிக்கு நேர் எதிரே நின்று எடுத்திருந்தேன். இப்போது பாறைகளைப் பிடித்து இறங்கி, பக்கவாட்டில், கீழிருந்து பார்த்தேன். அடடா! தண்ணீருக்குப் பின்னால் மரமே இல்லை, நனைந்த பாறைச் சுவர் கரியாக நின்றது. கீழே தேங்கிய தண்ணீரும் கறுப்பு. மேலே மரங்கள் மட்டும் பளபளவென்று கண்ணை இழுத்தன. ஒரு மேகம் வந்தால் போதும் என்று அண்ணாந்து கெஞ்சினேன். முகம் வெந்தது. கடைசியில் ஒன்று வந்தது. அதன் நிழல் மரங்கள் மேல் ஊர்ந்து படர, அருவி மட்டும் வெயிலில் நின்றது. அமுக்கினேன்.

வழக்கமாக ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்துத் தண்ணீரைத் துணியாக்கிவிடுவேன். இந்த முறை சட்டென்று மூடியதில் இழை இழையாக விழுந்தது. கடைக்குத் திரும்பி, கம்ப்யூட்டரில் ஓரத்துக் கிளையை வெட்டினேன். பாறையை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கினேன்.

"அந்த ஈரப் பளபளப்பு போயிடப் போகுது. கையை எடு, போதும்," என்றாள் அண்ணி. எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை புதுப்படம் ஏறியது. அன்று பார்த்து ஈ, காக்காகூட வரவில்லை. அண்ணன் வேண்டுமென்றே கடை ஷட்டரை இழுக்கும் கொக்கியை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்தான். அப்போது, மற்ற கேமராவில் திரும்ப எடுத்த தன் படங்களை வாங்க அந்த வக்கீலே வந்தார்.

உள்ளே வந்தவர் சுவர் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அண்ணி என் கையைக் கிள்ளினாள்.

"ஏம்மா, எந்த அருவி இது? சாரல் மூஞ்சியில அடிக்குதே!"

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன்.

"அ... அருவி," என்றார் மிரண்டுபோய். "எந்தக் கேமராவில எடுத்தீங்க?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "உங்க கோட்டை வெளுத்த அதே கேமராதான் சார்."

"அப்போ குத்தவாளி கேமரா இல்லையே!"

அண்ணி சிரித்த சிரிப்பில் அண்ணனும் சேர்ந்துகொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன.

வக்கீல் போனதும் என் கேமராவை ஸ்டாண்டில் ஏற்றினேன்.

"அண்ணா, அங்க போய் நில்லு. கொஞ்சம் இடது பக்கம். மோவாயை நிமிர்த்து. சிரி."

வருகிறவர்களை ஆட்டிவைத்தே பழகியவன், சொன்னபடியே நகர்ந்து, நிமிர்ந்து சிரித்தான். படத்தில் அவனுடைய கறுப்புச் சட்டை பாலாக வெளுத்திருந்தது. அருவிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன்.